பிரெமன் வேனுக்கு முன்னால் ஹாம்பர்க்

மெர்சிடிஸ் டி1 வேனைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அதன் கதையை 1977-இல் ஜெர்மனியின் பிரெமன் நகர ஆலையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் முதல் அத்தியாயம் விட்டுப்போயிற்று. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் டெம்போ என்ற வாகன நிறுவனம் இருந்தது. அது ஹனோமாக் என்ற இன்னொரு ஜெர்மன் நிறுவனத்தின் கைக்குப் போய், ஹனோமாக்கோ மெர்சிடிஸ் வண்டிகளைச் செய்த டைம்லர்-பென்ஸ் வசம் வந்தது. ஹார்பர்க் வேன் என்ற முன்சக்கர இயக்க வண்டி அப்படித்தான் மெர்சிடிஸ் சின்னத்தோடு ஓடியது. அதற்குப் பதிலாக வந்ததுதான் டி1. ஆனால் இழுவை பின்சக்கரத்துக்கு மாறியது. முன்சக்கர இயக்கத்தில் தளத்தைத் தாழ்வாக வைக்கலாம், சரக்கு ஏற்ற வசதி. ஆனால் பாரம் கூடினால் எடை பின்னால் போய் முன்சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். மாற்றியது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

டி1-இன் 207டி ரகத்தில் இருந்த 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் மெர்சிடிஸ் 240டி காரிலிருந்து வந்தது. வெறும் 65 குதிரைத்திறன், மேட்டில் பொறுமை வேண்டும்!

ஜெர்மனியில் 1995-இல் மெர்சிடிஸின் புதிய வேனான ஸ்பிரின்டர் வந்து டி1-ஐ ஓரங்கட்டியது. அப்புறமும் இந்தியாவில் அதன் வாரிசு ஓய்வெடுக்கவில்லை. பஜாஜ் டெம்போ, இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், டி1 வடிவமைப்பில் செய்ததுதான் நாம் பழனிக்கும் ஊட்டிக்கும் வாடகைக்கு எடுக்கும் டெம்போ டிராவலர். அந்த 'டெம்போ' ஹாம்பர்க்கில் பிறந்த பெயர்.