நிறுத்திவைத்த ஒரு காட்சி
தனியாக வாழ்பவர்கள் மாலை நேரத்தைத் திரையில் தொலைக்கிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என் அனுபவம் வேறு. படம் பார்க்கும்போது பிடித்த காட்சியில் நிறுத்திவிடுவேன். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுவதில் ஒன்றே ஒன்று அசையாமல் நிற்கும்போதுதான், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, முகத்தில் நிழல் எங்கே அடர்கிறது என்று கண்ணில் படுகிறது. அதைப் பார்த்து வரைவேன்: கோட்டுக்கு 2பி பென்சில், நிழலுக்கு அதைவிட மென்மையான, கருமையான 6பி. சில நாள் வரைந்து முடிப்பதற்குள் படமே மறந்துபோகும். அவசரப்படுத்த யாருமில்லை, அந்த நிம்மதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. திருமணம் வேண்டாம் என்று முடிவெடுத்ததில் வருத்தமே இல்லை. அப்புறம், வரைந்ததைத் தங்கைக்கு அனுப்புவேன். விரல்கள் இன்னும் சரியாக வரவில்லை என்பாள். உண்மைதான், இப்போது கைகளை மட்டும் வரைந்து பழகுகிறேன்.