முனைவர் பட்டம் வாங்கியவரை எப்போது பேச விடுவோம்?

நம் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்குப் பஞ்சமே இல்லை. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் என் பிரச்சினை. வரலாற்றுத் துறை என்றால் ஓய்வுபெற்ற பேராசிரியர், இல்லையென்றால் முன்னாள் துணைவேந்தர். பொன்னாடை போர்த்தி, வரவேற்புரையிலேயே அரை மணி நேரத்தைக் கரைத்த பிறகு, அவர் எப்போதோ எழுதிய கட்டுரையை எடுத்து மறுபடி வாசிப்பார்.

வெளிநாட்டிலும் பெரிய மேடைகள் பெரியவர்களுக்குத்தான். கேம்பிரிட்ஜில் 1961இல் டிரெவெல்யன் சொற்பொழிவு ஆற்றியபோது வரலாற்றாளர் இ.எச். காருக்கு வயது 68. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1985இல் வைல்ஸ் சொற்பொழிவு நிகழ்த்திய இன்னொரு வரலாற்றாளர் எரிக் ஹாப்ஸ்பாமும் அறுபதைத் தாண்டியவர்தான். இரண்டுமே உலகம் படித்த புத்தகங்களாயின, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிரிட்டனில் ஆய்வை இப்போதுதான் முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, பிபிசி வானொலியில் பேசவைக்கும் திட்டமும் 2011லிருந்து நடக்கிறது. நம்மிடம் அப்படி எதைக் காட்டுவது?

இங்கே ஒருவர் ஐந்தாறு வருடம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியக் கட்டுகளைப் புரட்டுகிறார். தூசியில் தும்மித் தும்மி ஒரு தாலுகாவின் ஏரிப் பாசனச் சண்டையைக் கண்டுபிடிக்கிறார். அதை அவர் வெளியில் சொல்லக் கிடைக்கும் ஒரே நாள் வாய்மொழித் தேர்வு. ‘அனைவரும் வருக’ என்று சுற்றறிக்கை போகும். நாற்காலியை நிரப்புவது முதுகலை மாணவர்கள், அவர்களின் கண்ணோ சமோசா தட்டில். மறுவாரம் ஆய்வேடு அலமாரிக்குப் போய்விடும். அவர் மாதம் 25,000 ரூபாய்க்குக் கௌரவ விரிவுரையாளராகப் போவார், அந்த வேலையாவது கிடைத்தால்.

கேட்க ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குக் குழந்தை குட்டியோடு போகிறார்கள். சோழர் என்று தலைப்பு வைத்தால் எந்த யூடியூப் சேனலும் ஓடுகிறது. அங்கே பேசுபவர்களில் எத்தனை பேர் ஒரு கல்வெட்டையாவது மூலத்தில் படித்திருப்பார்கள்?

பட்டம் பெற்று ஐந்து ஆண்டுக்குள் இருப்பவருக்கென்று ஒரு சொற்பொழிவை ஒதுக்குங்கள். மூன்று மாலை, தமிழில், வளாகத்துக்கு வெளியே, மாவட்ட மைய நூலகத்தில் வைக்கலாம். தயாராவதற்குச் சில மாத உதவித்தொகை கட்டாயம் வேண்டும், சால்வை வேண்டாம். வைல்ஸ் சொற்பொழிவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: வெளியூர் வரலாற்றாளர்களையும் செலவு கொடுத்து வரவழைத்து, பேச்சு முடிந்ததும் அதைப் பிரித்து மேய விடுவார்கள். அந்த மூத்த பேராசிரியர்களை இதற்குக் கூப்பிடுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும்.

“சின்னப் பசங்க, தப்பாகப் பேசிவிட்டால்?” என்று ஒருவர் கேட்டார். பேசட்டுமே சார். அடிக்குறிப்போடு தப்பாகப் பேசினால் திருத்த வழி இருக்கிறது. வாட்ஸப் ஃபார்வர்டை யாரிடம் போய்த் திருத்துவீர்கள்?