ஒட்டகத்தில் ஏற ஒரு ரேட்டு, இறங்க ஒரு ரேட்டு

எகிப்துத் தலைநகர் கெய்ரோவில் ரோட்டைக் கடக்க சிக்னல் தேடி நிற்கிற டூரிஸ்ட்டைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. 3 லேன் ரோட்டில் 5 வரிசை வண்டி ஓடுகிற ஊரய்யா அது! உள்ளூர்க்காரர் பின்னால் ஒட்டிக்கொண்டு நடப்பதுதான் ஒரே வழி.

டாக்ஸியில் மீட்டர் இருக்கும். வெளிநாட்டு முகத்தைக் கண்டதும் அது கெட்டுப்போகும். 50 பவுண்டு நோட்டை நீட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் 50 பியாஸ்டர் (அரை பவுண்டு) நோட்டைக் காட்டி "இதுதானே தந்தே?" என்பார்கள். சரி, ஆப்பில் பிடிக்கலாமென்றால் நம்பர் பிளேட்டில் அரபு எண்கள். வட்டமாக இருப்பது பூஜ்ஜியம் இல்லையாம், 5! பூஜ்ஜியம் வெறும் புள்ளி. வெயிலில் நின்று அதைப் படித்து முடிப்பதற்குள் வண்டி போயிருக்கும்.

பிரமிடுகள் இருக்கிற கீசாவோ தனி ரகம். "இந்த கேட் மூடியாச்சு, அந்தப் பக்கம் வாங்க." அந்தப் பக்கம் என்ன இருக்கும்? ஒட்டகம்தான். ஏறுவதற்குச் சல்லிசான ரேட்டு. இறங்குவதற்கு? அது எழுந்து நின்ற பிறகுதான் சொல்வார்கள். பாப்பிரஸ் (பழைய எகிப்தின் நாணல் காகிதம்) என்று தலையில் கட்டுவது பல கடைகளில் வாழை இலை, மடித்தால் உடைகிறது. கழிவறை வாசலில் நாலு துண்டு டிஷ்யூவா, டிப்ஸ் என்கிற பக்‌ஷீஷ். போட்டோவா, பக்‌ஷீஷ். கேட்காமலே வழி காட்டினாரா, அதற்கும்தான்!