வியர்னின் சாவை மட்டும் பகிராதீர்கள்

நேற்றிலிருந்து அந்தப் பதிவு சுற்றிக்கொண்டே இருக்கிறது. யார் போட்டது என்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். வியர்ன் என்ற பிரெஞ்சு இசைக்கலைஞர், தேவாலயத்தில் குழாய்களில் காற்றடித்து ஒலிக்கும் பெரிய வாத்தியமான ஆர்கனை வாசித்தபடியே உயிர்விட்டாராம், இதுவல்லவோ கொடுத்துவைத்த சாவு, உழைப்பென்றால் இப்படி இருக்கணுமாம். கீழே வரிசையாகக் கைகூப்பியிருக்கிறார்கள்.

லூயி வியர்னுக்கு ஒரு வாழ்க்கையும் இருந்தது. அதைச் சொல்லுங்கள்.

1937 ஜூன் 2, பாரிஸ் நோத்ர தாம் பேராலயம். அவருடைய 1,750-வது கச்சேரி என்கிறார்கள். பக்கத்தில் மாணவர் டுரூஃப்ளே. தான் எழுதிய 'ட்ரிப்டிக்'கை வாசித்து முடித்துவிட்டார். அடுத்து, பிரெயிலில் தந்த ஒரு மெட்டை அங்கேயே விரித்து வாசிக்க வேண்டும். எந்தக் குழாய்கள் ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஸ்டாப்புகளைத் தேர்ந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். கால் பெடலில் பட்டு ஒரே ஒரு கீழ் ஸ்வரம் ஆலயம் முழுக்க ஒலித்தது. நடந்ததுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு சாயங்காலம். அதற்கு முன்னால் 66 வருஷம் இருக்கிறது.

பிறக்கும்போதே கண்ணில் புரை. சிறுவயதில் ஆபரேஷன் செய்து ஏதோ உருவம் தெரியும் அளவுக்குப் பார்வை வந்தது. பார்வையற்றோர் பள்ளியில் படித்து, செசார் ஃபிராங்கிடமும் விதோரிடமும் பாடம் கேட்டு, 1900-இல் போட்டியில் வென்று நோத்ர தாம் ஆர்கனில் உட்கார்ந்தார். 1906-இல் தெருவில் விபத்து, கால் முறிந்தது. ஆர்கனைக் கையால் மட்டுமல்ல, காலாலும் பெடலை மிதித்து வாசிக்க வேண்டும். பெடலை முதலிலிருந்து பழகினார். 1909-இல் விவாகரத்து. 1911-இல் பாரிஸ் இசைக் கல்லூரியான கான்சர்வேட்டரியில் பேராசிரியர் பதவி கைநழுவிப் போனது. 1913-இல் சின்ன மகன் ஆந்த்ரே காசநோயில் போனான். 1916-இல் கண் வைத்தியத்துக்கு சுவிட்சர்லாந்து போனவர் நாலு வருஷம் திரும்ப முடியவில்லை. அதற்குள் மூத்த மகன் ஜாக்கையும் தம்பி ரெனேயையும் போர் வாரிக்கொண்டது. ஜாக்கின் நினைவாக, பியானோவும் நாலு தந்தி வாத்தியங்களும் சேர்ந்து வாசிக்க எழுதிய பியானோ குவின்டெட்டை ஒருமுறை கேளுங்கள். அப்புறம் சொல்லுங்கள், கொடுத்துவைத்தவர் என்று.

திரும்பி வந்தால் ஆர்கன் பழுதாகிக் கிடக்கிறது. 1927-இல் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராக வாசித்து, அதைச் சரிசெய்யப் பணம் திரட்டினார். பேராலயத்தின் வாத்தியத்துக்குப் பார்வை மங்கிய மனிதர் அலைந்து காசு சேர்க்க வேண்டியிருந்தது. இதை ஏன் ஒருத்தரும் பகிர மாட்டேன் என்கிறீர்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். தலைகீழ் ஈய எழுத்தைப் பார்த்துப் பார்த்தே கண் போனது. கடைசிக் காலத்தில் எழுத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் கையில் பிடிக்கும் ஸ்டிக் என்ற சட்டத்தில் கோப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் அங்கேயேதான், எழுத்துகள் வைக்கும் கேஸுக்குப் பக்கத்தில். துக்கத்துக்கு வந்த முதலாளி, "தொழில்லயே உயிர விட்ட புண்ணியவான்மா" என்று அம்மாவிடம் சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பாக்கிச் சம்பளம் கடைசிவரை வரவில்லை. அந்த 'புண்ணியவான்' இன்னும் என் காதில் இருக்கிறது.

"எல்லாத்தையும் அரசியலாக்காதே" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தார். மகன் செத்ததைச் சொல்வது அரசியலா? உழைத்துக்கொண்டே சாவது பெருமை என்று பழக்கிவிட்டால், உயிரோடு இருக்கும்போது என்ன கொடுத்தோம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதுதான் அரசியல்.

"ஒரு நல்ல விஷயத்தைப் பகிர்ந்தால் குற்றமா?" குற்றமென்று சொல்லவில்லை. பாதியை மறைத்துப் பகிராதீர்கள் என்கிறேன்.

"அவரே அப்படித்தான் சாக ஆசைப்பட்டார்." ஆமாம், அப்படித்தான் சொல்கிறார்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அவர் ஆசையை மதிக்கிறவர்கள் இன்னொன்றையும் பகிருங்கள். தனக்குப் பிறகு அந்த இடத்தில் டுரூஃப்ளே உட்கார வேண்டும் என்பதும் அவர் ஆசைதான். பேராலயத்தார் போட்டியே வைக்காமல் லியோன்ஸ் த சேன்-மார்த்தேனை நியமித்தார்கள்.