விளையாட்டு வீண் இல்லை
"நாலு வயதில் விளையாட்டால் கணக்கு வராது, வாய்ப்பாடு மனப்பாடம்தான் வழி" என்று சிலர் சொல்வது தவறு. 2008-ல் ராமணி, சீக்ளர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் 124 பேரிடம் சோதித்தார்கள். 1 முதல் 10 வரை எண் எழுதிய பலகையில், இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, கால் மணி நேரம் ஆடினாலே எண்ணறிவு கூடியது. 9 வாரம் கழித்தும் நிலைத்தது. எண் இல்லாத வண்ணக் கட்டத்தில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. அதனால் பொம்மை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, கூட உட்கார்ந்து எண்ணைச் சொல்லி ஆடுங்கள்.

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பேத்தி பல்லாங்குழி ஆடுவாள். முதலில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் எண்ணினாள். இப்போது மூன்று கிடக்கிற குழியைப் பார்த்ததுமே, "இன்னும் ஒண்ணு விழுந்தா பசு, பாட்டி!" என்கிறாள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அதற்குப் பசு என்று பெயர். கூட்டல் என்ற சொல்லே அவளுக்கு இன்னும் தெரியாது.