மிதப்பு இல்லை, ஓவர்டைம்
2014இல் சாம்பியனான ஐஸ் ஹாக்கி அணி லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், அடுத்த 2014-15 பருவத்தில் பிளேஆஃப்பைக்கூட (கோப்பைக்கான நாக்அவுட் சுற்று) எட்டாததற்கு 'சாம்பியன் மிதப்பு' காரணம் என்கிறது ஒரு கட்டுரை. புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். 60 நிமிடம் சமனில் முடிந்து, அப்புறம் ஓவர்டைமிலோ (கூடுதல் நேரம்) ஷூட்அவுட்டிலோ (பெனால்டி முறை) தோற்ற ஆட்டங்கள் 15! ஒவ்வொன்றிலும் 2 புள்ளிக்குப் பதில் 1தான். கடைசியில் கிங்ஸ் 95, பிளேஆஃப்புக்குள் போன கால்கரி அணி 97. வேடிக்கை என்னவென்றால், 2014 இறுதித் தொடரில் ரேஞ்சர்ஸ் அணியை வென்ற நான்கு ஆட்டங்களில் மூன்று ஓவர்டைம் வெற்றிகள். அது போக, தடுப்பாட்டக்காரர் வோய்னோவ் அக்டோபரிலேயே இடைநீக்கம். இன்னொரு தடுப்பாட்டக்காரர் டவுட்டி ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 29 நிமிடம் பனித்தளத்தில் ஆடினார். பாவம், அந்த மனிதருக்கு மிதக்க ஏது நேரம்?