வாய்தா வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன வாரம் சித்தப்பாவுக்குத் துணையாக நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். பாகப்பிரிவினை வழக்கு. காலை பத்து மணிக்கே போய் மரத்தடியில் நின்றோம். நீதிமன்றச் சேவகரான டவாலி எங்கள் பெயரைக் கூப்பிட்டபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. உள்ளே கைகட்டி நின்ற அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் பக்கத்துக் கட்டடத்தில் வேறொரு வழக்கில் இருக்கிறாராம். குமாஸ்தா கட்டின் மேல் அடுத்த தேதியை எழுதிக்கொண்டே, "வாய்தா ஆகிவிட்டது" என்றார். மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சொல்தான் மண்டைக்குள் ஓடியது. சிறுவயதில் அதை 'வாய்' என்ற நம் சொல்லோடு சேர்த்துப் புரிந்துகொண்டிருந்தேன். வாயால் கேட்டு வாங்குவது வாய்தா! உண்மையில் அது அரபிக்காரர்களின் 'வஅத்' என்ற சொல்லின் குடும்பம். பொருள்: வாக்குறுதி. பாரசீகமும் உருதும் கடந்து நம் அரசாங்கக் கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்தது. இந்திப் பாட்டுகளில் காதலர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் 'வாதா'வும் இதுவேதான்.

வாக்கு என்பது பிறகு வாக்குக் கொடுத்த நாள் ஆயிற்று. இன்ன தேதிக்குள் கட்டிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்ட கெடு. நிலவரித் தவணைக்கு வாய்தா என்ற பெயர் வந்தது அப்படித்தான். இந்தியில் முன்பேரச் சந்தையை இன்றும் 'வாயிதா பஜார்' என்கிறார்கள். பின்னால் ஒரு நாள், இன்றே பேசிய விலைக்கு வாங்குகிறேன், தருகிறேன் என்ற வாக்குதான் அங்கே சரக்கு. சொன்ன சொல் தவறினால் பணம் போய்விடும்.

நம் நீதிமன்றத்துக்குள் நுழைந்துதான் இந்தச் சொல் கெட்டது. அந்த நாளில் வந்து நிற்கிறேன் என்ற பாதி உதிர்ந்துபோய், இன்றைக்கு வேண்டாம் என்ற பாதி மட்டும் மிஞ்சியது. வினைச்சொல்லைக் கவனியுங்கள். வாக்கைக் கொடுக்கிறோம், வாய்தாவை வாங்குகிறோம். கொடுக்க வேண்டியவன் வாங்குகிறவனாக மாறியதை மொழி எவ்வளவு நேர்மையாகப் பதிந்து வைத்திருக்கிறது! (அமீனாவின் கதை இன்னும் விசேஷம். அரபியில் அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர். நமக்கோ ஜப்திக்கு வாசலில் வந்து நிற்பவர்.)

சட்டம் ஒன்றும் தாராளமாக இல்லை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 17ஆம் கட்டளையைப் பாருங்கள். 2002 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் திருத்தத்தின்படி, விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் ஒத்திவைப்பு கூடாது. வக்கீல் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பது காரணமே ஆகாது என்றும் அதே கட்டளை சொல்கிறது. இந்தத் திருத்தங்களை எதிர்த்துப் போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். 2005இல் உச்ச நீதிமன்றம், கட்சிக்காரரின் கையை மீறிய நெருக்கடி என்றால் மூன்றைத் தாண்டலாம் என்று இளகியது. எப்படிப்பட்ட நெருக்கடி? போபால் விஷவாயு, குஜராத் நிலநடுக்கம், சுனாமி என்று உதாரணமே காட்டியிருக்கிறது.

நீதிபதிகள் போதாது, வழக்குகள் குவிந்து கிடக்கின்றன என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதற்கு வக்கீல்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆனால் அன்று நாங்கள் போன வழக்கு அந்தக் குவியலால் தள்ளிப்போகவில்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

'ஒத்திவைப்பு' என்ற நல்ல தமிழ் இருக்க இந்த அரபிச் சொல் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒத்திவைப்பில் தள்ளிப்போடுவது மட்டும்தான் இருக்கிறது. வாய்தாவில் ஒரு வாக்கும் இருக்கிறதே! அடுத்த முறை வாய்தா கேட்கிறவரிடம், எந்த வாக்கைக் கொடுத்துவிட்டு இதை வாங்குகிறீர்கள் என்று நீதிபதி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

சித்தப்பாவிடம் சேலம் தீர்ப்பைச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்த டைரியில் புதுத் தேதியைக் குறித்துக்கொண்டிருந்தார். பதினான்காவது வாய்தா. "பக்கத்துக் கட்டடத்தில் சுனாமியா வந்தது?" என்று கேட்டுவிட்டு டைரியை மூடினார்.